கரிசல் சேற்றில் பன்னிரண்டு வெளிமான்கள்

வனத்துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு கைப்புத்தகம் கொடுக்கிறார்கள். எனக்கும் ஒரு பிரதி வந்தது. அதன் கடைசியில் கலைச்சொற்களுக்கென்று நாலு பக்கம். வாழிடம், தாங்குதிறன், வழித்தடம், தனித்துப்போன கூட்டம் என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு வரி விளக்கம். படித்துக்கொண்டே வந்தவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பிடிப்பதிர்ச்சி. 'காட்டு விலங்கைத் துரத்துவதாலோ பிடிப்பதாலோ ஏற்படும் தசைச் சிதைவு. விலங்கு உடனேயோ சில நாள் கழித்தோ இறக்கக்கூடும்.' அவ்வளவுதான். அந்த இரண்டு வரியும் எனக்குப் புரிந்தது மூன்று பிணைமான்கள் செத்த பிறகு. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளப்போகிற பிள்ளைகளுக்காக, நான் தெரிந்துகொண்ட விதத்தை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுபதுகளின் நடுவில் கார்டாக வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று சில மாதம் மலைக்காடுகளில் நடக்கவிட்டார்கள். யானைச் சாணியைப் பார்த்து அது எப்போது போட்டது என்று சொல்லப் பழகினேன். பழகி முடித்ததும் கொண்டுவந்து போட்டது கடம்பூருக்குத் தெற்கே ஒரு கரட்டில். யானை ஒதுங்க அங்கே நிழல்கூடக் கிடையாது. சரளைக் கல், உடைமரம், கள்ளி, முழங்கால் உயரத்துக்குப் புல். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். அங்கே காடு என்றால் பருத்தியும் சோளமும் உளுந்தும் விதைக்கிற புஞ்சைக்குத்தான் பேர். "என்ன அண்ணாச்சி, காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு எங்க காட்டுக்குக் காவலா? எப்ப களை வெட்ட வருதீய?" என்று டீக்கடையில் கேட்பார்கள். எனக்கும் அந்தப் பேச்செல்லாம் பிடிக்கும். வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

அந்தக் கரட்டில் வெளிமான் இருந்தது. ஆணுக்குக் கலைமான் என்று பேர்; கறுப்பு, முறுக்குக் கொம்பு. பெண் பிணைமான்; வைக்கோல் நிறம், கொம்பு கிடையாது. ஓடினால் காலுக்குக் கீழே தரை இருப்பதாகவே தெரியாது.

எங்கள் ரேஞ்சர் தேவசகாயம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. என்ன சொன்னாலும் ஒரு கேள்விதான் கேட்பார்: "சுப்பையா, இது கண்டதா, கேட்டதா, நெனச்சதா?" கண்டது என்றால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். கேட்டது என்றால் யாரிடம் என்று வரும். நினைத்தது என்றால், "சரி, நெனச்சதுன்னே எழுது. தப்பில்ல. ஆனா கண்டதுன்னு எழுதாத" என்பார்.

நான் கலந்துகொண்ட முதல் கணக்கெடுப்பில் கரட்டை நாலு பாகமாகப் பிரித்தார். பாகத்துக்கு இரண்டு பேர், விடியுமுன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். நாலு பேர் கைக்கடிகாரத்தையும் முந்தின நாள் சாயங்காலமே தன் கடிகாரத்தோடு ஒட்டிவைத்துக் கொடுத்தார். கலை எத்தனை, பிணை எத்தனை, குட்டி எத்தனை, வந்த திசை, போன திசை. முடிந்து கூட்டிப் பார்த்தால் எழுபத்திரண்டு. எனக்கும் வாட்சர் மாடசாமிக்கும் சந்தோஷம் நிலைகொள்ளவில்லை. ரேஞ்சர் நாலு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உன் சீட்டுல ஆறு நாப்பதுக்கு ஒரு கூட்டம் தெற்க போயிருக்கு. தெற்குச் சீட்டுல ஆறு நாப்பத்தஞ்சுக்கு வடக்க இருந்து ஒரு கூட்டம் வந்திருக்கு. ரெண்டுலயும் இடது கொம்பு நுனி ஒடிஞ்ச கலை ஒண்ணு இருக்கு. அப்படிக் கலை ரெண்டு இருக்கா?"

மாடசாமி மண்டையைச் சொறிந்தான். "ஒண்ணுதான் இருக்கு ஐயா."

ரேஞ்சர் பென்சிலை எடுத்து அடித்தார். இன்னொரு இடத்திலும் அடித்தார். எழுபத்திரண்டு நாற்பத்தாறு ஆயிற்று. அடிபட்ட இருபத்தாறும் கண் முன்னாலேயே செத்து விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூட்டிக் காட்டுனா மான் பெருகிட்டுன்னு எல்லாரும் நிம்மதியா இருந்துருவாங்க. பெறகு குறையும்போது யாருக்கும் தெரியாது."

அன்றைக்குத்தான் மற்றதையும் சொன்னார். ஒரு காலத்தில் இந்த மான்கள் தாமிரவருணி வரைக்கும் ஒரே வெளியில் போய்வந்திருக்கும். இப்போது நடுவில் ரயில், ரோடு, ஊர். இனி வெளியிலிருந்து ஒரு மானும் இங்கே வந்து சேரப்போவதில்லை. இருக்கிறதை வைத்துத்தான் கூட்டம் பிழைக்க வேண்டும். அதிலும் பிணைகளை வைத்துத்தான். "கலை பத்து செத்தாலும் மிச்சமிருக்கிற ஒண்ணு போதும், அடுத்த வருஷம் குட்டி நிக்கும். பிணை செத்தா வயித்துல இருக்கிறதும் போச்சு, அதுக்குப் பெறகு வரவேண்டியதும் போச்சு. பிணைய எண்ணிக்கிட்டே இரு சுப்பையா." பிணை அப்போது இருபத்தொன்று. என்னைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் வெறித்திருந்தது. நான் கேம்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். மாடசாமி தோளில் சைக்கிளைச் சுமந்துகொண்டு வருகிறான். அந்த மண் அப்படி. காய்ந்தால் கல். நனைந்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஏறிக்கொண்டு, ஏறியவனை இறக்கிவிட்டுச் சைக்கிளை அவன் மேல் ஏற்றிவிடும்.

"அண்ணாச்சி, கூட்டம் ராத்திரி உளுந்து மேய எறங்கிருக்கு. நடுக்கரிசல்ல மாட்டிக்கிட்டு. ஒவ்வொண்ணு காலுலயும் பானை கெணக்கா மண்ணு. ஓட முடியல. நாய் வந்துட்டு."

"எத்தன?"

"பதினஞ்சு. பன்னண்டு பிணை."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்தேன். நான் போய்ச் சேரும்போது ஊர் முந்திக்கொண்டிருந்தது. நாய்களைக் கல்லெறிந்து துரத்தியிருந்தார்கள். இரண்டு பிணைகளைத் தூக்கி, காட்டு ஓரத்திலிருந்த பருத்திக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நனைந்த ஆட்டுக்குட்டிக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் நடந்துகொண்டிருந்தது. சாக்கால் துடைத்து, தீ மூட்டி, சாம்பிராணி போட்டு, கருப்பட்டித் தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பிள்ளைகளும் பெண்களுமாக முப்பது நாற்பது பேர். ரங்கம்மா என்று ஒரு அக்கா, அந்த உளுந்துக்காட்டுக்காரி. பயிர் போன வருத்தத்தையே காணோம். ஒரு மானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏமி காது தல்லி, ஏமி காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகாது தாயே என்று, தன் வீட்டில் பேசுகிற தெலுங்கில்.

பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்று, செய்தது வேறு. நானும் இறங்கி மூன்றாவது பிணையைப் பிடித்தேன். நாலு காலையும் துண்டால் கட்டினேன். ஆட்டைப் போடுகிற மாதிரி கழுத்தைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். என் காதோரத்தில் அதன் நெஞ்சு அடித்தது. அடி என்று ஒன்றொன்றாகச் சொல்ல முடியாது, ஒரே இரைச்சல். இறக்கிப் போட்டுவிட்டு, "மத்ததையும் தூக்கியாருங்க" என்று நான்தான் சொன்னேன். காக்கிச் சட்டை சொன்னால் கேட்கிற காலம். ஆட்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போது முதல் மான் செத்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கழுத்தை முதுகுப்பக்கமாக வளைத்தது. கால் விறைத்துப்போயிற்று.

"நாய் எங்கயாவது கடிச்சிருக்கும்" என்றார் ஒருவர். புரட்டிப் பார்த்தோம். தோலில் ஒரு கீறல் இல்லை.

மழைக்குப் பிறகு கரட்டைப் பார்க்க வந்த ரேஞ்சர் தார் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றோடு வந்து நின்றார். கொட்டகைக்குள் ஒரு தடவை பார்த்தார். எப்போதும் போலவே மெல்லத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"தீய அணைங்க. எல்லாரும் வெளிய வாங்க. யாரும் பேசாதீங்க. சுப்பையா, காலக் கட்டினது யாரு?"

"நான்தான் ஐயா."

"அவுத்து விடு. கண்ண மூடி ஈரத் துணி போடு. சாச்சுப் போடாத, நெஞ்சு தரையில படுற மாதிரி உக்கார வை. வாயில தண்ணி விடாத."

செய்தேன். ரங்கம்மா எழுந்திருக்கவில்லை. "ஐயா, பெத்த பிள்ள மாதிரி மடியில கெடக்கு. கீழ விட்டா குளிருமே" என்றார்.

"அம்மா, நம்ம மொகம் அதுக்குப் புலி மொகம். நம்ம சத்தம் புலிச் சத்தம். ஆட்டுக்குட்டிக்கு மனுசன் சூடு. இதுக்கு அப்படி இல்ல."

ரங்கம்மா தலையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். மற்ற இரண்டும் கொஞ்ச நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. ரேஞ்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். முன்னால் வேலை பார்த்த இடத்தில், மான்களை வலை போட்டுப் பிடித்து வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது அவர் பார்த்திருக்கிறார். "வெளிய காயமே இருக்காது. பயத்துல திமிறித் திமிறி, சதை உள்ளுக்குள்ள வெந்துபோகும். சிலது அங்கனயே விழும். சிலது நல்லா நடந்து போயி மூணாம் நாள் விழும்." அதற்கு என்ன பேர் என்று அப்போது அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காட்டில் பன்னிரண்டு நின்றன. ஒன்பது பிணை, இரண்டு இளங்கலை, ஒரு கருங்கலை. தொடக்கூடாது. தொடாமல் விடவும் முடியாது. நாய்கள் ஓடையோரம் போய் உட்கார்ந்திருந்தன, போகவில்லை. கிழக்கே மறுபடியும் கருக்கிக்கொண்டு வந்தது. வெயில் அடிக்கட்டும், காயட்டும் என்று காத்திருக்கலாமா என்று ரேஞ்சர் ஊர்க்காரர்களைக் கேட்டார். ரங்கம்மாவின் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"காஞ்சா லேசாகும்னு நெனைக்கீய. அதுக்கு ரெண்டு நாள் ஆவும். இப்ப சளசளன்னு இருக்கிறதுனால காலாவது அசையுது. ஈரம் பாதி இழுத்துட்டுன்னா பிடி இன்னும் கூடும் ஐயா. வண்டி அச்சே ஒடியும்."

"வண்டி மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?"

"பருத்திமாரப் போட்டு ஏத்துவோம்."

ரேஞ்சர் கரட்டைப் பார்த்தார். மான்கள் நின்ற இடத்திலிருந்து சரளைத் தரை தொடங்கும் இடம் இருநூறு தப்படி இருக்கும். "அங்கன இருந்து இங்கன வரைக்கும் போட முடியுமா?"

ஆட்கள் தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பருத்திமார், அதாவது பருத்தி எடுத்தபின் பிடுங்கிக் காயவைத்த செடி, அந்த ஊரில் அடுத்த அறுவடை வரைக்கும் அடுப்பெரிக்கிற விறகு. ரங்கம்மா எழுந்தார். "மார் மட்டும் போட்டா பத்தாது. மானுக்கு வெரல் மாதிரி காலு, இடுக்குல போயி ஒடிஞ்சுரும். மேல சோளத்தட்ட பரத்தணும்" என்று சொல்லிக்கொண்டே தன் வீட்டில் மாரும் தட்டையும் போராக அடுக்கியிருந்த படப்பைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

எனக்குத் தெரிந்து அந்த ஊர் வாயைத் திறக்காமல் இருந்தது அந்த அரைநாள்தான். ரேஞ்சர் சொன்னபடி, நாய்களை அததன் சொந்தக்காரன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். பெண்களும் வயசானவர்களும் தூரத்தில் வட்டமாக உட்கார வேண்டும், மானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆண்கள் கரட்டுப் பக்கத்திலிருந்து வரிசையாகக் குனிந்தபடி கட்டுகளைக் கைமாற்ற வேண்டும். பாதை நீள நீள, போடுகிறவன் மண்டியிட்டு, பிறகு வயிற்றால் ஊர்ந்து போட வேண்டும். பார்க்காதே, பேசாதே, இருமாதே. ஒருவனுக்குத் தும்மல் வந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்தவன் உதட்டை அசைத்து, "ஏலே, தும்முன, ஒன்னயத்தான் அங்கன நட்டு வைப்போம்" என்றான். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தும்மலைவிடப் பெரிது.

முனையில் நானும் மாடசாமியும். முப்பது தப்படி இருக்கும்போது கருங்கலை திமிறிற்று. மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து திமிறின. ஒரு பிணை பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பின்னாலிருந்து ரேஞ்சர் என் குதிகாலைத் தொட்டார். நிறுத்து என்று அர்த்தம். முகத்தைச் சேற்றில் வைத்துக்கொண்டு கிடந்தோம். மூக்குக்குள் கரிசல் வாசனை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதுகில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. மாடசாமி என்னைப் பார்த்தான். மழை பிடித்தால் போட்ட பாதை உள்ளே போய்விடும்.

மூச்சுச் சத்தம் அடங்கியது. குதிகாலில் இரண்டு தட்டு. ஒரு கட்டு போட்டோம். கிடந்தோம். இன்னொரு கட்டு. பதினைந்து தப்படியில் ரேஞ்சர் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். மிச்சத்தை அதுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்ந்தே திரும்பி, வட்டத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். பார்க்கக்கூடாது என்றால் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போது தெரிந்தது. தட்டை நொறுங்குகிற சத்தத்துக்காகக் காது கூர்ந்து கிடந்தது. தூறல் விழுந்துகொண்டே இருந்தது.

நொறுங்கிற்று. ஒரு கால். நின்றது. அடுத்த கால்.

முதலில் ஏறியது கலை இல்லை, வயசான பிணை ஒன்று. அதன் பின்னால் ஒன்று. சத்தத்தை வைத்தே எண்ணினேன். சரளையில் ஏறியதும் குளம்பு டக்டக்கென்று கேட்டது. பதினொன்று. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரேஞ்சர் மட்டும் திரும்பிப் பார்த்தார். சாய்ந்து விழுந்த பிணை எழுந்திருக்கவில்லை.

"சுப்பையா, வா."

"ஐயா, நான் வேண்டாம். மாடசாமி வரட்டும்."

"நீ ஒரு தடவ தூக்கியிருக்க. எதச் செய்யக்கூடாதுன்னு உன் கைக்குத்தான் தெரியும்."

பின்பக்கமாகப் போய் ஈரத் துண்டைக் கண்ணில் போட்டேன். காலைக் கட்டவில்லை. நெஞ்சுக்குக் கீழே ஒரு சாக்கை விட்டு, நாலு பேர் நாலு முனையைப் பிடித்து, தலை நிமிர்ந்தபடியே தூக்கினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சரளையில் இறக்கி, குளம்பில் இருந்த மண்ணைக் கையால் உருவிவிட்டு, துண்டை இழுத்துக்கொண்டு விலகினோம். நின்றது. நடுங்கியது. ஏறிப் போய்விட்டது. காதில் ஒரு கிழிசல் இருந்தது அதற்கு. ஏழு நாள் அந்தக் காதைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஏழு நாளும் உயிரோடு இருந்தது.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ரங்கம்மா என் அருகே வந்தார்.

"கார்டு தம்பி, அந்த மூணும் நாய் கடிச்சதுலதான செத்துச்சு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாக்கா, நாய்தான்" என்றேன். ரேஞ்சர் இரண்டடி தள்ளி நின்று பூட்ஸுக்குள்ளிருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கோவில்பட்டியிலிருந்து கால்நடை மருத்துவர் வந்து மூன்றையும் அறுத்துப் பார்த்தார். தொடைச் சதை சிவப்பாக இல்லை. அவித்து எடுத்த கறி மாதிரி வெளுத்துப்போயிருந்தது. இரண்டு சினை. நான் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'நாய்' என்று எழுதி ரேஞ்சரிடம் நீட்டினேன்.

"கடிவாய் எங்க இருந்துச்சு?"

நான் பேனாவின் மூடியைத் திருகினேன்.

"இது கண்டதா, கேட்டதா, நெனச்சதா?"

"சொன்னது ஐயா" என்றேன். "அந்த அக்காகிட்ட சொன்னது."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். நான் அடித்துவிட்டு எழுதினேன்: 'நானும் ஊராரும் தூக்கியதாலும் சூழ்ந்து நின்றதாலும்.' கையெழுத்துப் போட்டேன். ரேஞ்சர் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். ரங்கம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாளில் எழுதியது தாளோடு போய்விடும். அடுத்த மழையில் மான் மாட்டினால் முதலில் ஓடி வந்து வாரி எடுக்கப்போவது அந்த அக்காதான். அப்படியே நடந்து ஊருக்குப் போனேன். சேற்றுக்குள் அமுங்கிய மாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். நாய் இல்லை, நான் கட்டித் தூக்கியது, நாம் சுற்றி நின்றது, தொட்டது, தீ, சத்தம் எல்லாம்தான். சினை என்பதையும் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை.

அவர் பிடுங்குவதை நிறுத்தவில்லை. நாலைந்து மாரைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் பேசினார்.

"மடியில கெடந்தப்ப நடுங்குச்சு தம்பி. குளிருதுன்னு நெனச்சேன். நெனச்சு இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்."

நானும் சேற்றில் இறங்கி மாரைப் பிடுங்க ஆரம்பித்தேன். மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வருஷம் பருத்தி எடுத்து முடித்ததும் எல்லோரும் மாரை வண்டியில் ஏற்றி வீட்டுக்குப் பின்னால் படப்புப் போட்டார்கள். ரங்கம்மா வீட்டு வண்டி மட்டும் ஊருக்குள் போகவில்லை. கரட்டடியில், சரளையும் கரிசலும் சேருகிற இடத்தில் நின்றது. அவரும் வீட்டுக்காரரும் அங்கேயே இறக்கி, மேலே சோளத்தட்டை மூடி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் படப்பைக் கூரை போல வேய்ந்துகொண்டிருந்தார்கள்.